எத்திராஜ் சொல்லாமல் விட்ட தகவல்

பதினெட்டு வருஷமாக டார்ட்ஸ் பாடம் நடத்துகிறேன். புத்தகத் தமிழில் இதற்குத் தீங்கியல் சட்டம் என்று பெயர். ஜெயிலுக்குப் போகிற அளவுக்குக் குற்றம் எதுவும் நடந்திருக்காது. ஆனால் ஒருவர் அசட்டையாக இருந்ததில் இன்னொருவருக்குக் கை உடைந்திருக்கும், கடை எரிந்திருக்கும். அதற்கு யார் பொறுப்பு என்று கேட்கிற சட்டம் இது. முதல் நாளே பலகையில் நான்கு கேள்விகளை எழுதிவிடுவேன். கவனமாக இருக்கும் கடமை அவருக்கு இருந்ததா? அந்தக் கடமையில் தவறினாரா? தவறியதால்தான் தீங்கு வந்ததா? வந்த தீங்கு என்ன? இந்த நான்கும் கையில் இருந்தால் எந்த வழக்கையும் பிரித்து மேய்ந்துவிடலாம் என்று ஜம்பமாகச் சொல்வேன். அந்த ஜம்பத்தை இறக்கியவர் எத்திராஜ்.

என் பெயர் அலர்மேல்மங்கை. தாத்தா மைசூர் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்த காலத்திலிருந்து எங்கள் குடும்பம் பெங்களூரில்தான் இருக்கிறது. எங்கள் கல்லூரியில் வகுப்பு காலை ஏழு மணிக்கு. வேலைக்குப் போகிறவர்களும் படிக்கட்டும் என்று வைத்த நேரம் அது. ஆனால் வருகிறவர்களில் பாதிப் பேர் இருபத்து மூன்று வயதுக் குழந்தைகள், வகுப்பிலேயே தூங்குவார்கள். எத்திராஜுக்கு நாற்பத்தாறு வயது, என்னைவிட இரண்டு வயது மூத்தவர். இதே ஊரில் ஜோகுபாளையத்தில் பிறந்து வளர்ந்தவர். லிஃப்ட் மெக்கானிக்காக வேலை தொடங்கி, தபாலில் பி.ஏ. முடித்து, வைட்ஃபீல்டில் அறுநூற்றுச் சொச்சம் வீடுகள் கொண்ட ஒரு அபார்ட்மென்டில் பதினாலு வருஷமாக சூப்பர்வைசர். அந்த அபார்ட்மென்டின் பெயரை நான் எழுதப்போவதில்லை.

எதற்காகச் சட்டம் படிக்க வந்தீர்கள் என்று முதல் நாள் எல்லோரையும் கேட்டேன். ஒருத்தி ஜட்ஜ் ஆக வேண்டும் என்றாள். ஒருவன் கார்ப்பரேட் லா என்றான். எத்திராஜ் எழுந்து நின்று சொன்னார்: "கையெழுத்து போடற காகிதத்துல இன்னா எழுதியிருக்குதுன்னு தெரிஞ்சிக்கணும் மேடம்." வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

அவர் அதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வருகைத் தாளில் கையெழுத்துப் போடும் முன்பு அதன் தலைப்பை முழுக்கப் படிப்பார். பின்னால் வரிசை நிற்கும். "அது நேத்து இருந்த அதே காகிதம்தான் எத்திராஜ்" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். "இருக்கலாம் மேடம். இன்னைக்கி நான் இன்னும் படிக்கலயே" என்றார். லிஃப்டில் ஏறினால் லைசென்ஸ் தேதியைப் பார்ப்பார். எங்கள் கல்லூரி லிஃப்டின் லைசென்ஸ் முடிந்து ஏழு மாதம் ஆகியிருப்பதைக் கண்டுபிடித்தவர் அவர்தான். அதை நான் பிரின்சிபாலிடம் போய்ச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். நடைபாதையில் சாக்கடை மூடி வந்தால் அதன் மேல் கால் வைக்கமாட்டார். ஷூ நுனியால் ஒரு தட்டு தட்டிவிட்டுச் சுற்றிக்கொண்டு போவார். இப்படிப்பட்ட ஆள்தான் நான் சொல்லப்போகிற காரியத்தைச் செய்தார்.

அக்டோபர் முதல் வாரம். பாடம் முடிகிற நேரத்தில் எத்திராஜ் கை தூக்கி, ஒரு பிராப்ளம் இருக்கிறது என்றார். சட்ட வகுப்பில் பிராப்ளம் என்றால் கற்பனைக் கணக்கு. மனிதர்களுக்குப் பெயர் இருக்காது, ஏ, பி என்று இருக்கும். கொடுத்த தகவலை வைத்துக்கொண்டு யார் பொறுப்பு என்று சொல்ல வேண்டும். அவர் சொன்ன கணக்கு இது. ஏ ஒரு கட்டடத்தின் பொறுப்பாளர். கட்டடத்தின் பாதையில் மழைநீர்க் குழியைச் சுத்தம் செய்வதற்காகத் திறக்கிறார்கள். எச்சரிக்கை வைத்தாயிற்று. பி தினமும் அதே பாதையில் வருபவர், வழி நன்றாகத் தெரியும். அன்று வந்து குழியில் விழுந்து பி-யின் கை உடைகிறது. ஏ பொறுப்பா?

எனக்குக் குஷி கிளம்பிவிட்டது. முதலில் கடமை, அது ஏ-க்கு உண்டு என்றேன். தன் இடத்துக்கு வருகிறவர்களுக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்வது அவர் கடமை. ஆனால் எச்சரிக்கை வைத்துவிட்டதால் கடமையில் தவறினார் என்று சொல்வது கஷ்டம். அடுத்து, அபாயம் என்று தெரிந்தும் விரும்பிப் போகிறவர் பிறகு குறை சொல்ல முடியாது. கிரிக்கெட் பார்க்கப் போய் உட்கார்ந்தவர் தலையில் பந்து பட்டால் மட்டையடித்தவர் மேல் வழக்குப் போடலாமா? அதுவும் எடுபடாவிட்டால், பி-யும் தன் பங்குக்கு அசட்டையாக இருந்தார் என்று காட்டலாம், நஷ்டஈடு அந்த அளவுக்குக் குறையும். ஏ-யின் வக்கீலாகவே மாறி இருபது நிமிஷம் பேசினேன். தூங்குகிறவர்கள்கூட விழித்துக்கொண்டார்கள். எத்திராஜ் ஒரு வாக்கியத்தை மட்டும் திரும்பச் சொல்லச் சொன்னார். "போதிய எச்சரிக்கை இருந்தும், தினமும் பழகிய பாதையில், தெரிந்தே ஏற்றுக்கொண்ட அபாயம்." டிக்டேஷன் கொடுப்பதுபோல் இரண்டு தடவை நிறுத்திச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

ஜனவரியில் ஒருநாள் வகுப்பு முடிந்து ஸ்டாஃப் ரூமுக்கு வந்தார். கையில் பழுப்பு நிற உறை. அபார்ட்மென்ட் சங்கத்தின் வக்கீல் தயார் செய்த பதில் நோட்டீஸ், அதோடு எத்திராஜ் ஞாயிற்றுக்கிழமை கையெழுத்துப் போட வேண்டிய உறுதிமொழிப் பத்திரம். "ஒரு தடவ பாத்துக் குடுங்க மேடம்" என்றார். இரண்டாம் பக்கத்தில் என் வாக்கியம் இருந்தது. போதிய எச்சரிக்கை இருந்தும், தினமும் பழகிய பாதையில். ஒரு வார்த்தை மாறவில்லை.

"இது நெஜமா நடந்ததா?"

"ஆமா மேடம். செப்டம்பர் கடைசில. பாகீரதின்னு ஒரு அம்மா, நாலு வீட்ல சமைக்கறாங்க. வலது முழங்கை போச்சு. பிளேட் வெச்சிருக்காங்க, இன்னும் நீட்ட வரல."

"நீங்க யாரு இதுல?"

"அந்தக் கணக்குல ஏ-ன்னா அசோசியேஷன் மேடம். நான் அவங்க ஆளு. அன்னைக்கி கிளாஸ் முடிச்சிட்டு நேரா போயி ரிப்போர்ட் எழுதிக் குடுத்தேன்."

பாகீரதி தரப்பு நோட்டீஸும் உறைக்குள் இருந்தது. அவள் சமைக்கிற வீடு ஒன்றில் இருக்கும் லவினா என்ற பெண் ஒரு வக்கீலைப் பிடித்து அனுப்பியிருக்கிறாள். அதைப் படித்து எனக்கு எரிச்சல்தான் வந்தது. குழி திறந்திருந்தது, விழுந்தாள், கை போய்விட்டது, மனிதாபிமானத்தோடு பரிசீலிக்க வேண்டும் என்று இருந்ததே தவிர, எச்சரிக்கை எதுவும் இல்லை என்று ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரி இல்லாமல் கேஸே இல்லை. இந்த வக்கீல் தூங்குகிறாரா என்று நினைத்தேன். ஏன் அந்த வரி இல்லை என்பது பத்து நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

இடத்தைப் பார்க்காமல் எதுவும் சொல்லமாட்டேன் என்றேன். மறுநாள் பகலில் மெட்ரோவில் இருவரும் வைட்ஃபீல்டுக்குப் போனோம். வாசலில் இருந்த காவலாளி என் புடவையையும் பையையும் பார்த்துவிட்டு, "மேடம், ஈ கடெ பன்னி" என்று கன்னடத்தில் அழைத்து, பளிங்கு போட்ட முன்வாசல் பக்கம் கை காட்டினார். நான் பாகீரதி வந்த வழியில் போக வேண்டும் என்றேன். எத்திராஜ் தயங்கிவிட்டுப் பின்னால் இருக்கிற சர்வீஸ் கேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே கன்னடத்திலும் இங்கிலீஷிலும் ஒரு அறிவிப்பு. வீட்டு வேலை செய்பவர்கள், டிரைவர்கள், டெலிவரி ஆட்கள் பின்பாதையை மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

நான் அதன் முன்னால் நின்றுவிட்டேன். இன்னொரு தடவை படித்தேன்.

பாதை காம்பவுண்டு சுவருக்கும் கட்டடத்துக்கும் நடுவில் ஒடுங்கிப் போகிறது. ஜெனரேட்டர் அறை மூலையில் திரும்பினால் இரண்டே எட்டில் குழி. இப்போது மூடியிருந்தது. எத்திராஜ் பழக்கப்படி ஷூ நுனியால் மூடியைத் தட்டினார்.

"எச்சரிக்கை எங்க வெச்சீங்க?"

"காலைல எட்டு மணிக்கு ஆப்ல போட்டேன் மேடம். பின்பாதைல வேலை நடக்குது, யாரும் போகாதீங்கன்னு."

"பாகீரதிகிட்ட அந்த ஆப் இருக்கா?"

"இல்ல. குடியிருக்கறவங்களுக்கு மட்டுந்தான். எங்க எல்லா நோட்டீஸும் அதுலதான் மேடம், பதினாலு வருஷத்துல காகிதத்துல ஒட்டறதே நின்னுபோச்சு."

அதாவது பின்பாதையில் நடக்கவே நடக்காத ஆயிரத்து ஐந்நூறு பேருக்குச் சொல்லியாயிற்று. அதில் மட்டுமே நடக்கிறவர்களுக்குச் சொல்லவில்லை. அங்கே வேலை செய்கிற ஒருவருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

"வேற ஒண்ணும் வெக்கலயா?"

"ஒரு டிராஃபிக் கோன் வெச்சேன். அந்தாண்ட, வீடுங்க இருக்கற டவர் பக்கம்."

"இந்தப் பக்கம்?"

"மொத்தம் பதினோரு கோன் மேடம். அன்னைக்கி ஒரு வீட்ல ஃபங்ஷன். வர்ற காருங்களுக்கு எடம் புடிச்சு வெக்கச் சொன்னாங்க. பத்து அங்க போயிடுச்சு. மிச்சம் ஒண்ணு. கொழந்தைங்க டவர் பக்கத்துலேர்ந்து ஓடி வருவாங்களேன்னு அங்க வெச்சேன். குழிய தொறந்தவங்க டீ குடிக்கப் போயிட்டாங்க. அந்த பத்து நிமிஷத்துல இந்தம்மா வந்துட்டாங்க."

"முன்பக்கமா வந்திருக்கலாமில்ல அவங்க?"

"செக்யூரிட்டி திருப்பி அனுப்பிடுவான் மேடம். ரூல்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "வேற வழியே இல்லாம வந்தவங்கள விரும்பி ஏத்துக்கிட்டாங்கன்னு எழுதியிருக்கீங்க! என் வார்த்தைய எடுத்து! இந்த ரூல அன்னிக்கி ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல மேடம்!" அவரும் கத்தினார். சுவரோரம் போய்க்கொண்டிருந்த டெலிவரிப் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இருவது நிமிஷம் பேசினீங்களே. பி-க்கு வேற வழி இருந்துச்சான்னு ஒரு வார்த்த கேட்டிருந்தீங்கன்னா நான் சொல்லியிருப்பேன். நீங்க கேக்கக்கூடாதுன்னுதான் நான் நின்னுக்கினு இருந்தேன். கேட்டா நல்லாயிருக்கும்னும் இருந்துச்சு."

அவர் சொன்னது உண்மை. அபாயத்தை விரும்பி ஏற்றுக்கொண்டார் என்று சொல்ல, விலகிப்போக அவருக்கு வழி இருந்திருக்க வேண்டும். முதல் வருஷப் பிள்ளைகளுக்கு நான் நடத்துகிற பாடம் அது. மேடையேறியவள்போல் பேசுகிற குஷியில் எனக்கே மறந்துபோயிருக்கிறது. வெட்கமாக இருந்தது.

அந்த மூடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான் உத்தமனைப் பற்றிச் சொன்னார். லிஃப்ட் கம்பெனியில் இவரோடு வேலை செய்தவர். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்பு லிஃப்ட் குழிக்குள் விழுந்து செத்துப்போனார். சாட்சிக் கையெழுத்துப் போடு என்று ஒரு இங்கிலீஷ் காகிதத்தைக் கம்பெனி நீட்டியது. எத்திராஜ் போட்டார். சொல்லியும் கேட்காமல் பாதுகாப்பு பெல்ட்டைக் கழற்றிவிட்டார் என்று அதில் எழுதியிருந்தது என்பது உத்தமன் மனைவி தெருவில் நின்று கேட்டபோதுதான் அவருக்குத் தெரிந்தது. அவர்களுக்கு பெல்ட்டே கொடுத்திருக்கவில்லை.

"அப்ப படிக்கத் தெரியாம போட்டேன் மேடம். இப்ப நானே எழுதிக் குடுத்திருக்கேன்."

வேலையில் இருக்கும்போது வேலையாள் செய்த தவறுக்கு முதலாளிதான் பதில் சொல்ல வேண்டும் என்று இந்தச் சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரே ஆறுதல் அது. "உள்ளத சொன்னாலும் நஷ்டஈடு உங்க கையிலேர்ந்து போகப்போறதில்ல எத்திராஜ். அசோசியேஷன்தான் குடுக்கணும்" என்றேன்.

"வேல என் கையிலேர்ந்துதான மேடம் போவும்?" என்றார். அவர் மகள் நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். நாற்பத்தாறு வயதில் யார் எடுப்பார்கள்? இதற்கு என் பாடத்தில் ஒரு வரியும் கிடையாது. கையெழுத்துப் போடாதீர்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. என் சம்பளம் மாதம் முதல் தேதி வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை அவர் சொல்லித்தான் தெரியும். சங்கத்தின் செயலாளர் சாய்கிருஷ்ணா சாஃப்ட்வேர் கம்பெனியில் பெரிய பதவியில் இருப்பவர். கெட்டவர் இல்லை. அன்று பாகீரதியைத் தன் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவரே அவர்தான். "ஜஸ்ட் ஒரு ஃபார்மாலிட்டி எத்திராஜ். எல்லாம் நீங்க ரிப்போர்ட்ல எழுதினதுதானே" என்று பேனாவை நீட்டியிருக்கிறார். எத்திராஜ் மூன்று பக்கத்தையும் தலைப்பிலிருந்து படித்திருக்கிறார். கமிட்டிக்காரர்கள் காபி குடித்து முடித்துக் காத்திருந்தார்கள். படித்து முடித்து அதைத் தள்ளி வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து தன் கையால் எழுதிய ஒரு தாளை எடுத்து வைத்தாராம். குழியின் சர்வீஸ் கேட் பக்கம் எந்த எச்சரிக்கையும் வைக்கப்படவில்லை. பாகீரதிக்கு வேறு வழியில் வர அனுமதி இல்லை. இருந்த ஒரே கோனை டவர் பக்கம் வைக்க முடிவு செய்தது நான். முன்பு கொடுத்த ரிப்போர்ட் தவறு, அதுவும் நான் எழுதியதே.

"இத நான் இன்னும் வாங்கலன்னு வெச்சுக்கறேன். யோசிச்சிட்டு நாளைக்கு வாங்க" என்றாராம் சாய்கிருஷ்ணா.

"யோசிச்சுதான் சார் எழுதினேன்."

வியாழக்கிழமை முதல் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதுவும் ஆப்பில்தான் வந்தது.

சனிக்கிழமை மத்தியானம் எனக்குப் போன் செய்தார். பாகீரதியைப் பார்த்து அந்தத் தாளின் நகலைக் கொடுக்கப் போகிறாராம். "நீங்களும் வாங்க மேடம். ரிப்போர்ட்ல உங்க வார்த்தையும் இருக்குதில்ல?" என்றார். குத்திக்காட்டுகிற குரலில் அவர் சொல்லவில்லை, ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. போனேன்.

வைட்ஃபீல்டுக்குப் பக்கத்தில் இம்மடிஹள்ளியில் ஒரே அறை வீடு. பாகீரதி திருப்பத்தூர்ப் பக்கத்துக்காரி, நாற்பது வயது இருக்கலாம். வாசலில் உட்கார்ந்து இடது கையால் பீன்ஸ் ஒடித்துக்கொண்டிருந்தாள். வலது கை மடங்கியபடி மடியில் கிடந்தது. எத்திராஜைக் கண்டதும் பதறி எழுந்தாள். "சார், நீங்க எதுக்கு வந்தீங்க? சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பனே." உள்ளே அவள் புருஷன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அவ ஒழுங்கா பாத்து நடந்திருந்தா யாருக்கும் தொல்ல இல்ல சார். நானும் டெய்லி சொல்லிக்கினுதான் இருக்கேன்" என்றார். மன்னிப்புக் கேட்கிற தோரணையில் சொன்னார்.

எத்திராஜ் உட்காரவில்லை. நின்றபடியே தாளைத் தமிழில் படித்தார். நடுவில் ஒருமுறை நிறுத்தி, அந்த வரியைத் திரும்ப முதலிலிருந்து படித்தார். பாகீரதி பீன்ஸ் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப போர்டு வெக்கலயா சார்?"

"வெக்கலம்மா."

"ஒண்ணுமே இல்லயா?"

"நீங்க வந்த பக்கம் ஒண்ணுமே இல்ல."

அவள் புருஷன் எழுந்து வாசல் வரை வந்தார். பாகீரதி அவர் பக்கம் திரும்பவில்லை.

"நோட்டீஸ் அனுப்பின வக்கீலம்மா கேட்டாங்க சார், போர்டு இருந்துச்சா இல்லயான்னு. இருந்திருக்கும்மா, நான்தான் பாக்கலன்னு சொல்லிட்டேன். எச்சரிக்கை வெச்சிருந்துச்சுன்னு நீங்க ரிப்போர்ட் எழுதிக் குடுத்ததா சொன்னாங்க, நீங்க பொய்யா எழுதப்போறீங்க? நாலு மாசமா கண்ண மூடினா அந்த மூலைலதான் நிக்கறேன். எங்க வெச்சிருந்தாங்க, நான் எப்பிடி பாக்காம போனேன்னு யோசிச்சு யோசிச்சு..." அவள் இடது கையால் முகத்தைத் துடைத்தாள். "இப்பல்லாம் எனக்கே அது தெரியுது சார். மஞ்ச கலர் போர்டு. செவுத்துமேல சாச்சு வெச்சிருக்குது."

எத்திராஜ் தலையைக் குனிந்துகொண்டார். அந்த போர்டை அவள் கண்ணுக்குள் வைத்தது அவரும் நானும்தான்.